வால் டிரக் ஸ்டோர், சவுத் டகோட்டா: கடையைவிட பலகைகள் பெரிசு

அமெரிக்காவின் ஐ-90 நெடுஞ்சாலையில் சவுத் டகோட்டா மாநிலத்தைக் குறுக்கே கடப்பவர்கள், வால் (Wall) என்ற ஊரில் இருக்கும் வால் டிரக் ஸ்டோர் (Drug Store, மருந்துக்கடை) என்ற கடையில் நிற்கலாமா? நில்லுங்கள். ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

மினசோட்டா பக்கமிருந்து மேற்கே வருகிறவர்களுக்கு இந்தக் கடை, ஊர் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடும். ‘காபி 5 சென்ட்’, ‘ஐஸ் தண்ணீர் இலவசம்’, அப்புறம் டோனட், டைனோசர் என்று சாலையோரம் ஒன்று மாற்றி ஒன்றாக மரப்பலகைகள். மணிக்கு 80 மைல் வரை போகலாம், சாலை நேர்கோடு, இரண்டு பக்கமும் புல்வெளி, மிசூரி ஆற்றைத் தாண்டினால் ஊர்களே அபூர்வம். அமெரிக்கா பெரிய நாடு என்று வரைபடத்தில் பார்த்துத் தெரிந்திருந்தாலும், மணிக்கணக்கில் ஓட்டியும் காட்சி மாறாமல் இருக்கும்போதுதான் அந்தப் பெரிசு உடம்புக்கு உறைக்கிறது. அந்த வெறுமையில் அடுத்த பலகை என்ன சொல்லப்போகிறது என்று காத்திருப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிடும். எனக்கு அந்தப் பலகைகள்தான் கடையைவிடப் பிடித்தன.

டெட் ஹஸ்டெட் என்ற மருந்தாளர் 1931 கடைசியில் இந்த மருந்துக்கடையை வாங்கினார். பெருமந்தக் காலம், ஊரில் மொத்தமே சில நூறு பேர், வியாபாரம் படுத்துக் கிடந்தது. 1936 கோடையில் ஒரு மதியம், நெடுஞ்சாலையில் போகும் கார்களின் சத்தத்தில் தூக்கம் வராமல் புரண்ட அவர் மனைவி டாரத்திக்கு ஒரு யோசனை: வெயிலில் காய்ந்து போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது குளிர்ந்த தண்ணீர், அதை இலவசமாகத் தருகிறோம் என்று சாலையில் எழுதி வைத்தால் என்ன? டெட் பலகைகளை நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். தண்ணீர்ப் பந்தல்தான், பின்னால் கல்லாப்பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்! தண்ணீர் குடிக்க வந்தவர்கள் ஐஸ்கிரீமும் வாங்கினார்கள், கடை பிழைத்தது.

இன்று அது ஒரு தெருப்பக்கத்தையே அடைத்து நிற்கிறது. கௌபாய் பூட்ஸ், தொப்பி, கறுப்புமலை (பிளாக் ஹில்ஸ்) தங்க நகை, புத்தகக்கடை, சின்ன பிரார்த்தனைக்கூடம், பின்முற்றத்தில் கொம்பு முளைத்த ராட்சத முயல் சிலை, அவ்வப்போது உறுமும் டி.ரெக்ஸ் டைனோசர் பொம்மை. குழந்தைகளோடு போனால் பின்முற்றத்தை விட்டுக் கிளப்புவது கஷ்டம். நினைவுப்பொருள் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன், எனக்கு அதில் ருசி இல்லை. ஆனால் சாப்பாட்டு அறைச் சுவர்களில் மாட்டியிருக்கும் மேற்கத்திய ஓவியங்களை நின்று பாருங்கள், அவை நிஜமான சேகரிப்பு.

டோனட் பிரமாதம். வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, இனிப்பும் திகட்டவில்லை. காபி உண்மையாகவே ஐந்து சென்ட், காசை நீங்களாகவே பெட்டியில் போட வேண்டியதுதான், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முந்தின இரவு நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில் தங்கி, காலையில் காபி என்ற பெயரில் வெதுவெதுப்பான பழுப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தவன் நான் என்பதால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கலாம். கடையின் பேர்போன சாப்பாடு சூடான மாட்டிறைச்சி சாண்ட்விச்சும் காட்டெருமை பர்கரும். சைவக்காரர்கள் இந்தச் சாலையில் எங்கே நின்றாலும் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு வருவதே நல்லது.

கிழக்கிலிருந்து வருகிறவர்கள் நேராக வாலுக்குப் போகாதீர்கள். 131-ம் வெளிவழியில் (எக்ஸிட்) இறங்கினால் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போகும் 240-ம் எண் சாலை பிடிபடும். வரிவரியாக நிறம் மாறும், மண் அரித்து உருவான மலைகளின் ஊடே சுற்றிக்கொண்டு அது வாலிலேயே கொண்டுவந்து விடும். வெயிலில் நொந்து வந்து இறங்கும்போதுதான் அந்த இலவசத் தண்ணீரின் அருமை தெரியும். நேரமிருந்தால் 116-ம் வெளிவழியில் உள்ள டெல்டா-09ஐயும் பாருங்கள். அமெரிக்கா-சோவியத் பனிப்போர்க் காலத்து மினிட்மேன் அணு ஏவுகணைக் குழி அது, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், எட்டிப் பார்த்தால் வெடிமுனை இல்லாத ஏவுகணை நிற்கிறது. உலகத்தை அழிக்கும் ஏற்பாடும் ஐந்து சென்ட் காபியும் ஏழெட்டு மைல் இடைவெளியில் இருப்பதை வேறு எங்கே பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

110-ம் வெளிவழி அருகே 80 அடி டைனோசர் நிற்கும், தவறவிட முடியாது. இன்னொன்று, வாலுக்கு வரும் வழியில் நேர மண்டலம் மாறி கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் கடையில் செலவழித்தேன், மாலைக்குள், ஜனாதிபதிகளின் முகங்களைப் பாறையில் செதுக்கியிருக்கும் மவுண்ட் ரஷ்மோர் போய்ச் சேரவும் முடிந்தது.