பழைய அவுட்போர்டு விட்டு விட்டு இழுவை இழந்தால்: முதலில் எரிபொருளா, இக்னிஷனா?

என்னிடம் இருப்பது 40 குதிரைத்திறன், 2 சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின். போன பருவம் முழுக்க அதில் ஒரே தொல்லை. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், முழு த்ராட்டிலில் அருமையாகப் பாயும். கொஞ்ச நேரத்தில் இழுவை சரிந்து படகு தண்ணீரில் அமர்ந்துவிடும். த்ராட்டிலைக் குறைத்து இரண்டு நிமிடம் மெல்ல ஓட்டினால் பழையபடி பாயும். திரும்பவும் சரியும்.

இந்த மாதிரிக் கோளாறைத் தேட இரண்டு வழி உண்டு. டேங்க், ஓஸ், பிரைமர் பல்ப் (ஓஸின் நடுவில் கையால் அமுக்கிப் பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் குமிழ்), பம்ப், கார்புரேட்டர் என்று எரிபொருள் வரும் பாதையைப் பிடித்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் காயில், பவர் பேக் (தீப்பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி), பிளைவீல் என்ற சுழல் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) என்று, பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் பக்கம் போகலாம். நான் இக்னிஷனில் தொடங்கி எரிபொருளில் முடித்தேன். இன்று யார் கேட்டாலும் எரிபொருளில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியவை சில. பிளக் புதிதா, பெட்ரோல் பழசா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் சீராகப் பீய்ச்சுகிறதா, இரண்டு சிலிண்டரின் கம்ப்ரெஷனும் ஏறக்குறைய சமமா. எஞ்சின் சுற்று எகிறி, படகு மட்டும் வேகம் இழந்தால் பெரும்பாலும் புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் ஹப் வழுக்குகிறது என்று அர்த்தம். அதற்கு எஞ்சினைத் திறக்கவே வேண்டாம்.

நான் ஏன் இக்னிஷனுக்குப் போனேன்? சூடானால் படுக்கும், ஆறினால் எழும் என்பது ஸ்டேட்டருக்கும் பவர் பேக்குக்கும் உள்ள பழக்கம். சுருளில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். என் எஞ்சின் நடந்துகொண்டதும் அதே மாதிரிதான் தெரிந்தது. புல்லர் என்ற கழற்றும் கருவியைப் போட்டுப் பிளைவீலைக் கழற்றி, புது ஸ்டேட்டர் மாட்டினேன். அடுத்த ஓட்டத்திலேயே அதே சரிவு. மாட்டிப் பார்த்த மின்சாரப் பாகத்தைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். வெப்பத்தால் வரும் கோளாறு பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே நேரக் கணக்கில் வரும். எனக்கோ ஒரு நாள் 3 நிமிடத்தில் வந்தது, இன்னொரு நாள் 20 நிமிடம் கழித்து வந்தது.

எரிபொருள் பக்கமும் இதே வேஷம் போடும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் நிற்பது கொஞ்சம் பெட்ரோல்தான். முழு த்ராட்டிலில் எஞ்சின் குடிக்கும் வேகத்துக்கு ஓஸ் ஈடுகொடுக்காவிட்டால் கிண்ணத்தின் மட்டம் இறங்கும், கலவை மெலியும், இழுவை போகும். மெல்ல ஓட்டும்போது தேவை சொற்பம் என்பதால் கிண்ணம் மறுபடி நிரம்பிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எஞ்சின் ஆறி எழுந்தது போலவே இருக்கும்.

இங்கேதான் என் கணக்கில் முடிவு செய்யும் விஷயம் வருகிறது: கோளாறு வந்திருக்கும் அந்த நிமிடத்திலேயே எதைச் சோதிக்க முடியும்? விட்டு விட்டு வரும் கோளாறு கரையில் நிற்கும்போது தலைகாட்டாது. தண்ணீர்க் குழாயை மாட்டிக் கரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாலும், சுமையில்லாமல் அதிகச் சுற்றில் ஓட்டுவது எஞ்சினுக்கே ஆபத்து. ஆகவே தண்ணீரில், சுமையோடு, இழுவை சரியும் கணத்தில்தான் பிடிக்க வேண்டும்.

எரிபொருள் பக்கத்தை அந்தக் கணத்தில் வெறும் கையால் சோதிக்கலாம். இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு பிரைமர் பல்பை அமுக்குங்கள். அமுக்க அமுக்க இழுவை திரும்பினால் பெட்ரோல் வருவதில்தான் குறை. பம்பின் டயாபிரம் (பெட்ரோலை உறிஞ்சும் சவ்வு) பலவீனமாகியிருக்கலாம், எங்கோ காற்றும் இழுக்கலாம். பல்ப் சப்பையாக உறிஞ்சப்பட்டிருந்தால் டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் அடைப்பு. சோக்கை ஒரு நொடி தட்டும்போது எஞ்சின் உயிர் பெற்றால் கலவை மெலிந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட உறுதியானது, கடன் வாங்கியாவது ஒரு சிறிய டேங்கையும் நல்ல ஓஸையும் மாட்டி ஓட்டுவது. ஒரே ஓட்டத்தில், பழைய டேங்கிலிருந்து எஞ்சின் வாய் வரைக்கும் உள்ள பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இக்னிஷன் பக்கம் அப்படியில்லை. தீப்பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிளக் வயரில் கவ்வவிட்டு, சரியும்போதும் மின்னுகிறதா என்று பார்க்கலாம். நல்ல சோதனைதான், ஆனால் மூடியைக் கழற்றிவிட்டுச் சுற்றும் பிளைவீலுக்குப் பக்கத்தில் குனிய வேண்டும், உச்சி வெயிலில் வெளிச்சமும் தெரியாது. குளிர்ந்த ஸ்டேட்டரை மீட்டரில் அளந்தால் மின்தடை சரியாகவே காட்டும், கோளாறு சூட்டில்தானே வருகிறது. கடைசியில் பாகத்தை மாற்றிப் பார்ப்பதே சோதனையாகிவிடுகிறது.

என் படகில் தனி டேங்கை மாட்டியதும் அரை மணி நேரம் முழு த்ராட்டிலில் சரிவே இல்லை. பழைய ஓஸை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். வெளியே புதிது போல இருந்த ஓஸின் உள்தோல் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஓஸ்களை இப்படிச் செய்யும். சும்மா வழியவிட்டால் பெட்ரோல் தாராளமாக வரும், பம்ப் பலமாக உறிஞ்சும்போதுதான் அந்த நாக்கு வழியை மூடும்.

எரிபொருள் பக்கத்தை அவசரமாகப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கும் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. மெலிந்த கலவையில் திரும்பத் திரும்ப முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் உரசிப்போகும். சோதனைக்காகச் சரியவிடுவதென்றால் ஓரிரு முறை போதும்.

இக்னிஷனில் முதலில் கைவைக்க வேண்டிய நேரமும் இருக்கிறது. திணறாமல், இறங்காமல், சாவியைத் திருப்பியது போல டக்கென்று அணைந்தால் கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்), அதன் வயர், களிம்பு பிடித்த எர்த் இணைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். நான் கைவைத்தது 2 சிலிண்டர் கார்புரேட்டர் எஞ்சின்களில் மட்டும்தான். பெரிய எஞ்சின்களில் சில, சூடு ஏறினால் தாமாகவே சுற்றைக் குறைத்துக்கொள்ளும், அங்கே கணக்கு வேறு.

ஓஸ், பல்ப், பம்ப் டயாபிரம் மூன்றையும் ஒன்றாக மாற்றி, நடுவில் 10 மைக்ரான் நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் போட்டுவிட்டேன். பல்பை மாட்டும்போது அதன் மேலிருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் உள்ளே இருக்கும் வால்வு பெட்ரோலை விடாது.