ஆசிரியரின் மன உளைச்சலுக்கு எங்கே போகலாம்: 14416, அரசு மருத்துவமனை, தனியார் ஆலோசகர்

பத்தாம் வகுப்பு எடுக்கும் பட்டதாரி ஆசிரியரைப் பாடம் நடத்துவது அவ்வளவாகக் களைப்பாக்குவதில்லை. எமிஸ் என்னும் பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் விவரப் பதிவு, சிறப்பு வகுப்பு, தேர்ச்சி குறைந்தால் எழுத வேண்டிய விளக்கம், இவைதாம் ஆளை அரைக்கின்றன. இதற்கு மாற்றாக ஒருநாள் யோகா பயிற்சி வைத்தால் அன்றைய வேலையும் மறுநாள் தலையில் விழும். அதனால் உதவி தேடிப் போகக்கூடிய இந்த மூன்று வழிகளில் அதைச் சேர்க்கவில்லை.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். விடைத்தாள் கட்டுகளோடு விழித்திருக்கும் நள்ளிரவிலும் இந்தக் கதவு திறந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகர் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கதையை மறுபடி முதலிலிருந்து சொல்வதே சிலருக்குச் சுமை.

அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், மாத்திரையும் இலவசம். சிக்கல் வேறு இடத்தில். புறநோயாளர் பிரிவு காலையில் நடப்பதால், ஆண்டுக்கு உள்ள 12 நாள் தற்செயல் விடுப்பில் கை வைக்க வேண்டும். சிற்றூர் என்றால் வரிசையில் முன்னால் நிற்பவர் உங்கள் மாணவனின் அப்பாவாக இருப்பார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மருத்துவர் உங்கள் விவரத்தைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லக்கூடாது. வரிசையில் நிற்பவர்களை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்? மருத்துவ விடுப்புக்கான சான்று அலுவலக மேசைக்குப் போகுமே என்ற அச்சமும் பலருக்கு உண்டு.

தனியார் ஆலோசகரிடம் மாலையிலோ ஞாயிறன்றோ நேரம் கிடைக்கும், கேட்பவர் மாறமாட்டார். கட்டணம் ஒவ்வொரு அமர்வுக்கும் உண்டு. அவர் மருத்துவர் இல்லையென்றால் மாத்திரை எழுத முடியாது. பலகை மாட்டியவர் எல்லாரும் படித்தவர் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (RCI) பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

என் தேர்வு இது. யாரிடம் போவது என்றே தெரியாத நிலையில் 14416. தற்கொலை எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழைக்க வேண்டும், தனியாக இருக்கவும் கூடாது. மேலதிகாரியோடு தீராத மோதல் போன்றவற்றுக்குப் பணம் இருந்தால் தனியார் ஆலோசகரே மேல். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் போய், வகுப்புக்குள் நுழையவே கால் வரவில்லை என்றால் பேச்சு மட்டும் போதாது. விடுப்பு போனாலும் மருத்துவரிடம் போங்கள். ஊர்க்கண்ணுக்கு அஞ்சினால் பக்கத்து மாவட்ட மருத்துவமனைக்கு பஸ் ஏறுங்கள்.