வரிக்காக மாநிலம் மாறலாமா? கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன்: ஒரு வரவு செலவுக் கணக்கு

அமெரிக்காவில் 9 மாநிலங்கள் சம்பளத்துக்கு வருமான வரி போடுவதில்லை: அலாஸ்கா, ஃப்ளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டக்கோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங். கலிஃபோர்னியாவிலோ உச்ச விகிதம் 13.3%. இதைப் படித்தவுடனே பெட்டி கட்டத் தோன்றுவது இயல்புதான். ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் அந்த மனநிலையில்தான் இருக்கிறார்கள்.

ஃபெடரல் வரி எங்கே போனாலும் அதேதான். மிச்சமாவது ஸ்டேட் டாக்ஸ் மட்டும். அதிலும் எவ்வளவு மிச்சமாகும் என்பது, பணம் சம்பளமாக வருகிறதா, பங்காக வருகிறதா, ஊரில் விற்கப்போகும் மனையிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவர்கள் மாநிலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, கணக்கைப் பிறகு போடுகிறார்கள்.

கலிஃபோர்னியா உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது?

13.3% என்பது தனிநபருக்கு ஒரு மில்லியன் டாலரைத் தாண்டும் பகுதிக்கு. நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பொருந்துவது 9.3% அடுக்கு. அதுவும் கடைசி டாலருக்குத்தான், முதல் டாலருக்கு 1%. இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதி, எல்லோருக்கும் பொதுவான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், 2024 விகிதங்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் 180,000 டாலர் என்றால் ஸ்டேட் டாக்ஸ் சுமார் 7,600 டாலர். 300,000 என்றால் சுமார் 18,700. இதோடு எஸ்.டி.ஐ. என்ற மாநில உடல்நலக் குறைவுக் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு. 2024-இல் அதன் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். முழுச் சம்பளத்துக்கும் 1.1% போனது. இரண்டையும் சேர்த்தால் முதல் குடும்பத்துக்கு 9,600, இரண்டாவதற்கு 22,000 வாக்கில் வரும்.

300,000 சம்பாதிப்பவர் மார்ட்கேஜ் வட்டி போட்டு ஐட்டமைஸ் செய்தால் (பொதுக் கழிவுக்குப் பதில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழித்தால்), மாநிலத்துக்குக் கட்டியதில் ஒரு பகுதி ஃபெடரல் கணக்கில் திரும்பிவிடும். மாநில, உள்ளூர் வரிகளுக்கு 2018 முதல் 10,000 டாலராக இருந்த கழிவு வரம்பு 2025-இல் 40,000 ஆனது. 24% அடுக்கில் இருப்பவருக்கு அந்த 18,700-இல் 4,500 டாலர் வரை இப்படி ஈடாகிறது. டெக்சாஸ் கணக்குப் போடும் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டெக்சாஸ்: வருமானத்தை விட்டு வீட்டைப் பிடிக்கும் ஊர்

தனிநபர் வருமான வரியே கூடாது என்று 2019-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எனவே நாளை மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடமும் சாலையும் எதில் நடக்கும்? ப்ராபர்ட்டி டாக்ஸில்.

டாலஸ் பக்கம் 600,000 டாலருக்கு வீடு வாங்கினால், ஊர், கவுன்ட்டி, பள்ளி எல்லாம் சேர்ந்து 2% சுற்றி வரும். சொந்தமாகக் குடியிருப்பவருக்கு, பள்ளி வரியைக் கணக்கிடும்போது வீட்டு மதிப்பில் 140,000 டாலரைக் கழித்துவிடுகிறார்கள் (2025 நவம்பர் வாக்கெடுப்பில் 100,000-இலிருந்து உயர்த்தினார்கள்). அதைக் கழித்தபின் பில் 10,500 டாலர் வாக்கில் நிற்கும். புதிதாகத் தோண்டிப்போட்ட புறநகர் என்றால் 'மட்' என்ற ஒன்றும் சேரும். தண்ணீர்க்குழாய், வடிகால் போட வாங்கிய கடனுக்காக அந்த வட்டாரமே கட்டும் வரி அது. சில காலனிகளில் அதையும் சேர்த்து மொத்த விகிதம் 3 சதவீதத்தை எட்டிவிடுகிறது. வீட்டு ஏஜென்ட் பளபளக்கும் கிச்சனைக் காட்டுவார்; இதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புது வீடு வாங்குபவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம் இரண்டாம் வருடம். வருடத் தொடக்கத்தில் அங்கே இருந்தது வெறும் மண் என்றால், முதல் பில் மண்ணுக்கு மட்டும் வரும். மாதத் தவணையும் அதற்கேற்பக் குறைவாக இருக்கும். 'பரவாயில்லையே' என்று சோஃபாவும் பெரிய டிவியும் வாங்கி முடித்திருப்போம். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் மதிப்புப் போட்டு பில் வரும்போது எஸ்க்ரோவில் (வரிக்காகவும் இன்சூரன்ஸுக்காகவும் தவணையோடு வாங்கிச் சேர்க்கும் கணக்கில்) பற்றாக்குறை விழும். மார்ட்கேஜ் கம்பெனி மாதத் தவணையை 700, 800 டாலர் ஏற்றிக் கடிதம் அனுப்பும். அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் மதிப்பு நோட்டீஸ் வரும்; மே 15-க்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்ற விவரம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் பறக்கும் மாதம் அது. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்பது ஆறுதல். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து வீட்டு இன்சூரன்ஸ் ஏறிக்கொண்டே போவதற்கு அப்படி உச்சவரம்பு எதுவும் கிடையாது.

ஆகவே 180,000 சம்பாதிக்கும் குடும்பம் வரிக்காக டெக்சாஸ் போகிறது என்றால், மிச்சப்படுத்திய 9,600 டாலர் வீட்டு வரியாகப் போய்விடும். அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது வீடு. சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவில் கனவிலும் வாங்க முடியாத 4 பெட்ரூம். அதற்காகப் போவது நியாயமான காரணம்தான். வரி என்று மட்டும் சொல்ல வேண்டாம். 300,000 குடும்பத்துக்கு மட்டுமே கையில் கொஞ்சம் நிற்கும், அதுவும் கம்பெனி ஊரைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்காமல் இருந்தால். 10% வெட்டு என்றாலே 30,000 போயிற்று.

வாஷிங்டன்: சம்பளக்காரருக்கு லாபம், பங்கு விற்பவருக்குக் கொஞ்சம் யோசனை

பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் சம்பளம் குறையாது. பெரிய டெக் கம்பெனிகள் அங்கேயே இருக்கின்றன. வீட்டு வரி விகிதம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழே. வீட்டு விலையோ கலிஃபோர்னியாவுக்கு அண்ணன் தம்பி. சியாட்டில் சுற்றுவட்டாரத்தில் சேல்ஸ் டாக்ஸ் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது, மளிகைக்குக் கிடையாது. முதியோர் பராமரிப்புக்கென சம்பளத்தில் 0.58% பிடிக்கும் திட்டம் ஒன்றும் உண்டு. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

கவனிக்க வேண்டியது மூலதன லாப வரி. 2022 முதல் நீண்டகால லாபத்தில் வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு 7%. அந்த வரம்பு 2024-இல் 270,000 டாலர். 2025-இல் ஒரு மில்லியனைத் தாண்டிய லாபத்துக்கு 9.9% ஆக்கினார்கள். ஆர்.எஸ்.யு., அதாவது கம்பெனி ஊழியருக்குத் தரும் பங்கு, கைக்கு வரும்போது அது சம்பளக் கணக்கு. இந்த வரி இல்லை. பிறகு ஏறும் லாபத்துக்குத்தான். வரம்புக்குள் வருடாவருடம் விற்றுக்கொண்டு வந்தால் சாதாரண ஊழியரை இது தொடாது. ஜெஃப் பெசோஸை விடாது. 2023 நவம்பரில் அவர் சியாட்டிலிலிருந்து மயாமிக்குக் குடிபோனார். பெற்றோர் அருகில் இருக்க வேண்டும் என்றார். அடுத்த பிப்ரவரியில் சுமார் 8.5 பில்லியன் டாலர் அமேசான் பங்குகளை விற்றார். 7% என்று போட்டுப் பாருங்கள், பெற்றோர் பாசத்தின் மதிப்பு 600 மில்லியனை நெருங்கும்.

சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், மூன்றில் என் ஓட்டு வாஷிங்டனுக்குத்தான்.

ஊரில் இருக்கும் மனையும் கலிஃபோர்னியாவும்

இந்தியாவில் சொத்துள்ள தமிழர்களுக்கு மிகப் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரல் கணக்கில் கிரெடிட் கிடைக்கும். கலிஃபோர்னியா அந்தக் கிரெடிட்டைத் தருவதே இல்லை. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

நீங்களே எப்போதோ தாம்பரத்தில் வாங்கிப்போட்ட மனையை விற்று 200,000 டாலர் லாபம் வருகிறது என்று வையுங்கள். இந்தியாவில் மூலதன லாப வரி கட்டுவீர்கள். ஃபெடரல் அதைக் கழித்துக்கொள்ளும். கலிஃபோர்னியா சம்பளத்தைப் போலவே பாவித்து 9.3% அடுக்கில் 18,600 டாலர் கேட்கும். குறைந்த மூலதன லாப விகிதம் என்ற பேச்சே அங்கே கிடையாது. டெக்சாஸில் குடியேறிய பிறகு விற்றால் பூஜ்யம். வாஷிங்டனிலும் பூஜ்யம், அவர்களுடைய 7% நிலம், வீட்டுக்குப் பொருந்தாது. வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வங்கியில் வைக்கும் என்.ஆர்.இ. டெபாசிட் வட்டியும் இப்படித்தான்: இந்தியாவில் வரியில்லை என்று நிம்மதியாக இருப்போம், ஃபெடரலும் கலிஃபோர்னியாவும் இரண்டு பேரும் கேட்பார்கள். எப்படியும் மாறப்போகிறோம், மனையையும் விற்கப்போகிறோம் என்றால், வரிசை முக்கியம்: முதலில் குடிமாற்றம், பிறகு பத்திரப்பதிவு.

கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பான 401(கே) பணத்துக்கும் இதே நியாயம். 1996-இல் வந்த ஃபெடரல் சட்டப்படி, வெளியேறியவரின் ஓய்வூதியத்தைப் பழைய மாநிலம் தொட முடியாது. 25 வருடம் கலிஃபோர்னியாவில் கழிவு வாங்கிச் சேர்த்ததை டெக்சாஸில் உட்கார்ந்து எடுத்தால் ஸ்டேட் டாக்ஸ் இல்லை. மாநிலம் மாறுவதில் அதிக லாபம் பார்ப்பவர் இளம் இன்ஜினியர் என்று நினைக்கிறோம். உண்மையில் அவருடைய ஓய்வுபெற்ற மேனேஜர்தான்.

போனாலும் விடாத பாக்கி

ஆர்.எஸ்.யு. வைத்திருப்பவர்கள் ஊர் மாறிய மறுநாளே விடுதலை என்று எண்ண வேண்டாம். 2023 ஜனவரியில் கொடுத்த பங்கு 2026 ஜனவரியில் கைக்கு வருகிறது. நீங்கள் 2025 ஜனவரியில் டெக்சாஸ் போனீர்கள். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் கலிஃபோர்னியாவில் உழைத்திருக்கிறீர்கள், மூன்றில் இரண்டு பங்குக்குக் கலிஃபோர்னியா வரி உண்டு. பழைய உழைப்புக்காக மார்ச்சில் வரும் போனஸுக்கும் அப்படியே. நியூயார்க் இன்னும் ஒரு படி மேலே: அங்குள்ள கம்பெனிக்கு உங்கள் வசதிக்காக டெக்சாஸ் வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்தச் சம்பளத்துக்கும் அதுவே வரி கேட்கும். கலிஃபோர்னியாவில் அந்த விதி இல்லை.

போனது நிஜம்தானா என்று பார்க்கக் கலிஃபோர்னியாவின் வருமான வரித் துறையான ஃப்ராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு இருக்கிறது. 183 நாள் வெளியே இருந்தால் போதும் என்பது கலிஃபோர்னியாவில் செல்லாது. பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், டாக்டர் எங்கே, கார் எந்த மாநிலத்தில் பதிவு, கிரெடிட் கார்டு எங்கே தேய்கிறது என்று எல்லாம் பார்ப்பார்கள். கில்பர்ட் ஹயாட் என்ற கண்டுபிடிப்பாளர் 1991-இல் லாஸ் வேகாஸ் போய்விட்டதாகச் சொன்னார். இல்லை, 1992 ஏப்ரலில்தான் என்றது போர்டு. சில மாத வித்தியாசம்தான். இடையில் பெரிய பேடன்ட் பணம். தன் குப்பையைக்கூடக் கிளறினார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். அது 2003, 2016, 2019 என மூன்று முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

நம் வீடுகளில் நடப்பது வேறு மாதிரி. பிள்ளையின் பள்ளி வருடம் முடியட்டும் என்று மனைவி ஃப்ரீமாண்டில் இருப்பார், கணவர் ஆஸ்டினில். இரண்டுமே தம்பதி வருமானத்தைப் பொதுச் சொத்தாகப் பார்க்கும் மாநிலங்கள். கணவரின் டெக்சாஸ் சம்பளத்தில் பாதி மனைவியுடையது என்று எடுத்துக் கலிஃபோர்னியா வரி கேட்கலாம்.

விசா

க்ரீன் கார்டு வரிசையில் இருப்பவர் வேறு பெருநகர வட்டாரத்துக்குப் போனால், போவதற்கு முன்பே ஹெச்1பி திருத்த மனு போட வேண்டும். க்ரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் என்ற தொழிலாளர் சான்று இடத்தோடு கட்டப்பட்டது; பெரும்பாலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த படியான ஐ-140 மனுவுக்கு அனுமதி கிடைத்திருந்தால் வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் ப்ரையாரிட்டி தேதி தங்கும், ஆனால் பெர்ம் மறுபடி முடிய ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். வருடத்துக்கு 9,000 டாலருக்காக இந்தத் தலைவலியை வாங்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

மீதி ஊர்கள், மீதி ஆட்கள்

நெவாடாவின் ரீனோ பே ஏரியாவுக்குக் காரில் 4 மணி நேரம்தான். முழு ரிமோட் வேலை என்றால் நல்ல இடம், ஆபீஸ் போய் வேலை செய்யும் நாட்களுக்குக் கலிஃபோர்னியா வரி உண்டு. ஃப்ளோரிடாவில் புயல் இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். வாஷிங்டனின் வான்கூவரில் குடியிருந்து, சேல்ஸ் டாக்ஸ் இல்லாத போர்ட்லண்டில் பொருள் வாங்குவது பழைய தந்திரம். வேலையும் போர்ட்லண்டில் என்றால் அந்தச் சம்பளத்துக்கு ஆரிகன் வரி கட்ட வேண்டும்.

2010-இல் ஃப்ரீமாண்டில் 700,000 டாலருக்கு வீடு வாங்கியவர் அசையாமல் இருக்கலாம். 1978-இல் வந்த ப்ராப் 13 சட்டத்தால் அவர் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இன்றைக்கும் 11,000 டாலர் சுற்றித்தான் கட்டுவார். டெக்சாஸில் புது வீட்டுக்கும் அவ்வளவேதான் ஆகும்.