மடியழற்சிக்குக் கலிபோர்னியாப் பரிசோதனைப் பெட்டி: வாங்கலாமா?

மாட்டு மடியில் கிருமி தொற்றி வாற மடியழற்சி இருக்கோ என்று பாலை வைத்துப் பார்க்கிற பெட்டி இது. நாலு கிண்ணம் உள்ள பிளாஸ்ரிக் துடுப்பு, ஊதாத் திரவம் ஒரு போத்தல். பெட்டிக்குள்ளே இவ்வளவுதான். கறவை மாடு வைத்திருக்கிற ஆக்கள் வாங்கலாம்.

முதல் இரண்டு மூன்று பீச்சை வெளியே விட்டிட்டு, காம்புக்கு ஒரு கிண்ணமாக 2 மில்லிலீற்றர் அளவில் பால் எடுங்கோ. அதேயளவு திரவம் விட்டு 10 செக்கன் சுழற்றி, 20 செக்கனுக்குள் பார்த்திடவேணும். பிந்தினால் மெல்லிய திரளல் கரைந்து நல்ல பால் போலக் காட்டும். நோய் இருந்தால் பாலில் கூடியிருக்கிற வெள்ளணுக்கள் திரவம் பட்டு உடைந்து, முட்டை வெள்ளைக்கரு மாதிரி நடுவில் திரளும். கன்று போட்ட முதல் நாட்களிலும் பால் வற்றும் காலத்திலும் நாலு காம்பும் திரளும், அதை நம்பாதேங்கோ.

பெரிய குறை, என்ன கிருமி என்று இது சொல்லாது. திரண்டவுடன் மிஞ்சிக்கிடந்த அன்ரிபயோட்டிக் ரியூப்பைக் காம்புக்குள் ஏத்துவதுதான் வழக்கமான பிழை. மடியழற்சியை உண்டாக்கிற ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமியில் பல வகைகள் பென்சிலினையே உடைக்கிற நொதியை உருவாக்கும். மருந்து வீண், பாலும் வீண். மருந்துக்கு முன்னம் காம்பு நுனியை 70 வீத அற்ககோலால் துடைத்து, காயவிட்டு, கிருமியற்ற குப்பியில் பால் பிடித்து, ஐஸ் பெட்டியில் கால்நடை வைத்தியரிடம் குடுங்கோ. யாழ்ப்பாண வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த குப்பியில் சாணிக் கிருமிதான் பெருகியிருக்கும். ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் மூன்று நாலு இனம் கலந்து முளைத்தால், குப்பிப் பாலில் அழுக்குக் கலந்திட்டுது, திரும்ப எடுக்கவேணும்.

துடுப்பை மாட்டுக்கு மாடு தண்ணியில் அலசினால் காணும்.