தண்ணீர்ச் சொட்டைக் காட்டி விற்ற ஆயில் மிஸ்ட் ஃபில்டர்

கோவை கணபதியில் பல்சக்கரத்துக்குப் பல் வெட்டும் கியர் ஹாப்பிங் மெஷின் நான்கு ஓட்டுகிறோம். எல்லாமே நீட் கட்டிங் ஆயில், அதாவது தண்ணீர் கலக்காத வெட்டு எண்ணெய். மெஷினிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் பனியைப் பிடிக்கிற மிஸ்ட் கலெக்டருக்கு ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்த சமயம் பார்த்து ஒருவர் வந்தார். பையிலிருந்து வெள்ளைத் துணி மாதிரி ஒரு துண்டை எடுத்து மேஜையில் விரித்தார். என் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துச் சொட்டினார். சேப்ப இலையில் உருளுகிற மாதிரி உருண்டது.

"பாருங்க சார், ஒட்டவே ஒட்டாது. ஆயிலும் இப்படியே வழிஞ்சு ஓடிடும், ஃபில்டர் அடைக்காது."

கூடவே 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று ஒரு சர்டிபிகேட். மயங்கிவிட்டேன். நாலு கேட்ரிட்ஜ், 28,000 ரூபாய்.

மூன்றாவது வாரம் தரை வழுக்க ஆரம்பித்தது. கலெக்டரின் வெளிவாயில் ஒரு வெள்ளைத்தாளைப் பத்து நிமிடம் பிடித்தேன். தாள் முழுக்க மஞ்சள் புள்ளி. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபில்டரின் பின்பக்கம் பளபளவென்று எண்ணெய்ப் படலம். அதில் குமிழி குமிழியாக எழும்பி உடைகிறது. உடையும்போது தெறிப்பதுதான் தாளில் விழுந்த புள்ளி.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அவர் விட்டுப்போன சாம்பிளில் எங்கள் ஆயிலையே ஒரு சொட்டு விட்டேன். உருளவில்லை, பரவி உள்ளே போய்விட்டது. அது பாலிப்ரொப்பிலீன். துளியை உருண்டையாகப் பிடித்து வைப்பது பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். மினரல் ஆயிலுக்கு ஏறக்குறைய 30தான். அதனால் தண்ணீரை உருட்டுகிற இழை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயையே தள்ளுகிற இழை வேண்டுமென்றால் டெஃப்லான் மாதிரி ஃப்ளோரின் பூச்சு இருக்க வேண்டும்.

இழை எண்ணெயில் நனைவது குற்றமில்லை. நல்ல கண்ணாடி இழை ஃபில்டரும் நனையும். நுண்துளிகள் இழையில் சேர்ந்து பெரிதாகி இறங்குவதே அதன் வேலை. ஆனால் நனையும் இழையில் எண்ணெய் காற்றோடு நகர்ந்து பின்முகத்தில் படலமாக நிற்கும். அது வடிந்து இறங்கப் பின்னால் ஒரு வடிகால் அடுக்கு வேண்டும். எனக்கு வந்தது தூசி பிடிக்கிற ஃபெல்ட் துணி, அடுக்கு எதுவும் கிடையாது. சரி, எண்ணெய் ஒட்டாத இழையே வாங்கிவிடலாமே என்றால், அதில் படலம் முன்முகத்தில் நிற்கும். காற்று அதையும் துளைத்துத்தான் போக வேண்டும், அங்கேயும் பிரஷர் ஏறும். 'அடைக்கவே அடைக்காது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த 99.97-ம் உலர்ந்த புது ஃபில்டரின் கணக்கு. எண்ணெய் ஊறியபின் காற்று போக இடம் குறைந்து வேகம் கூடும், மிக நுண்ணிய துளிகள் தப்பிவிடும். ஊறி நிலைத்தபின் பிரஷர் எவ்வளவு, பிடிப்பு எவ்வளவு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

போனில் பிடித்தபோது, "உங்க ஆயில் சரியில்லை சார்" என்றார். பணம் திரும்பவில்லை. வடிகால் அடுக்கோடு கண்ணாடி இழை கேட்ரிட்ஜ் வாங்கிப் போட்டேன். விலை இரட்டிப்பு, தரை காய்ந்திருக்கிறது.

போன வாரம் அதே ஆள் மறுபடி கூப்பிட்டார், 'ஆயில் ப்ரூஃப் கோட்டிங்' வந்திருக்கிறதாம். சாம்பிள் துண்டு மட்டும் கொண்டு வாருங்கள், சொட்டு விட ஆயில் நான் வைத்திருக்கிறேன் என்றேன். இன்னும் வரவில்லை.