"பிஎம் கிசான் பணம்" என்று ஆதார் நகல் கேட்டு வருபவர்களிடம் உஷார்

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தவணையாகப் பணம் போடும் பிஎம் கிசான் திட்டத்தில் பெயர் சேர்த்து விடுகிறேன், நின்றுபோன தவணையை வாங்கித் தருகிறேன் என்று ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் கேட்டு யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். 2020ல் கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஊரடங்கு நேரம், யாருக்கும் வேலை இல்லை. பிஎம் கிசானின் 2,000 ரூபாய் தவணையை ஏப்ரலிலேயே போடுவதாக மத்திய அரசு அறிவித்திருந்தது, அது உண்மைதான். அதைச் சாக்காக வைத்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரன், நிலம் இல்லாதவர்களுக்கும் கொரோனா பணம் வருகிறது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, கூலி வேலைதான், அதை அவனிடமே சொல்லியும் இருக்கிறார். "அத நான் பாத்துக்கறேங்க்கா, நீங்க ஜெராக்ஸ மட்டும் குடுங்க" என்றானாம்.

பணம் வரவும் செய்தது. பேங்கில் கூட்டம், நானே எடுத்துத் தருகிறேன் என்று கைரேகை மெஷினோடு வந்தான், அம்மா கட்டை விரலை வைத்தார், அவன் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். ரசீது கிசீது எதுவும் தரவில்லை. பாஸ்புக்கில் எண்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது, இரண்டு தவணை, மொத்தம் 4,000 வந்து அப்படியே 4,000மும் எடுக்கப்பட்டிருந்தது.

அப்புறம் ஆகஸ்டில் குட்டு வெளிப்பட்டது. தமிழ்நாடு முழுக்க சுமார் ஐந்தரை லட்சம் தகுதியில்லாத பெயர்கள், 110 கோடி ரூபாய் என்று வேளாண் துறையே சொன்னது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது, சிபிசிஐடி விசாரணை, கைது எல்லாம் நடந்தது. சரி, திருடனைப் பிடித்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அம்மாவின் கணக்கை முடக்கிவிட்டார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் அதே கணக்குதான், அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. எனக்கு வந்தது ரெண்டாயிரம்தானே என்று அம்மா வேளாண் அலுவலரிடம் மன்றாடிப் பார்த்தார். கணக்கில் விழுந்தது நாலாயிரம், அதைக் கட்டுங்கள் என்பதுதான் பதில். அவர் சொன்னதும் தப்பில்லை, ரெக்கார்டு அப்படித்தானே பேசும். ஆக, புரோக்கர் எடுத்த பங்கையும் கூலி வேலை செய்து நாங்கள்தான் கட்டினோம்.

பிஎம் கிசான் இணையதளத்தில் நாமே பதிவு செய்ய ஒரு பைசா கட்டணம் கிடையாது. நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்குக்கூட இது கிடைக்காது. வருமான வரி கட்டுபவர்களுக்கும் இல்லை. பட்டா, சிட்டாவே கேட்காமல் ஒருவன் பெயர் சேர்க்கிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் 155261க்குப் போன் போடுங்கள்.

இப்போது சிலர் தெருவுக்குக்கூட வருவதில்லை, வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் பெயரிலேயே ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், வருகிறது. அதை இன்ஸ்டால் செய்தால் ஓடிபி வரை அவனுக்குப் போய்விடும். பணம் போயிருந்தால் உடனே 1930ல் புகார் கொடுங்கள். வீட்டில் வயதானவர்கள் யாராவது மெஷினில் கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்களாக இருந்தால், இந்த வாரமே அவர்கள் பாஸ்புக்கை வாங்கி எண்ட்ரி போட்டுப் பார்த்துவிடுங்கள்.