லாக் கேபின் குவில்ட் தைக்கக் கால் அங்குல ஃபுட்: காசுக்குத் தகுமா?

மிஷினோடு வந்த சாதாரண ஃபுட்டிலேயே (ஊசிக்கடியில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம்) லாக் கேபின், அதாவது நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கும் ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கலாம், தப்பில்லை. நான் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி வலது ஓரத்தில் மெல்லிய தகடு வைத்த கால் அங்குல ஃபுட்டுக்கு மாறிவிட்டேன். பெரிய கம்பெனிச் சரக்கெல்லாம் இல்லை. லோ ஷாங்க் (ஃபுட் மாட்டும் தண்டு குட்டையான) மிஷின் எதிலும் மாட்டிக்கொள்ளும், பத்து டாலருக்குள் முடிந்தது.

ரவிக்கை தைத்துப் பழகிய கை என்னுடையது. பின்னால் பிரித்து லூசாக்க வேண்டுமே என்று பக்கத்தில் ஒரு அங்குலத் துணியைத் தாராளமாக உள்ளே விடுவோம், தையல் நூல் அகலம் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. லாக் கேபினில் அந்தச் சலுகை கிடையாது. நடுவில் இரண்டரை அங்குலச் சதுரம், சுற்றிலும் ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்று சுற்று. தைத்து முடித்தால் இந்த ஒரு கட்டம், அதாவது பிளாக், எட்டரை அங்குலம் வர வேண்டும். குறுக்கே ஆறு தையல், ஒவ்வொன்றும் இரண்டு பக்கத் துணியிலும் கால் அங்குலத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால், இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து பிளாக்கில் முக்கால் அங்குலம் காணாமல் போகும். பாதிப் பக்கம் வெளிர், பாதிப் பக்கம் அடர் நிறம் என்று வைப்பதே பிளாக்குகளைச் சேர்க்கும்போது கோலம் வரத்தான். பார்ன் ரெய்ஸிங் என்கிற அடுக்கில் நடுவிலிருந்து விரியும் வைர வடிவம் அளவு பிசகினால் மூலைக்கு மூலை உடைந்து நிற்கும்.

1860களில் அமெரிக்காவில் இந்தப் பாணி பரவிய காலத்தில், பட்டைகளை ஒரு அடித்துணி மேல் வைத்தே பலரும் தைத்தார்கள். அளவை அடித்துணி பார்த்துக்கொண்டது. அதை விட்டுவிட்டுத் தைக்கும் நமக்குத்தான் இந்தத் தகடு தேவைப்படுகிறது.

துணியின் ஓரம் தகட்டை உரசியபடி போனால் போதும், கண்ணை ஊசியில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கியவுடன் நேராகப் பிளாக்கில் இறங்காதீர்கள். ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். சரியாக மூன்றரை வர வேண்டும். எனக்கு ஒரு மயிரிழை குறைந்தது. துணி மடங்குகிற இடத்தில் நூலும் மடிப்பும் கொஞ்சம் தின்றுவிடும். ஊசியை ஒரே ஒரு படி வலப்பக்கம் நகர்த்தியதும் அளவு சரியாக நின்றது. இந்த ஃபுட்டின் துளை அதற்கு மேல் இடம் தராது, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மிதியுங்கள்.

குறை என்றால், நுனி தட்டை. குறுக்கே வரும் பழைய தையலின் ஓரம் நம்மை நோக்கிப் படிந்திருந்தால் அதில் முட்டி மடக்கிவிடுகிறது. பிளாக்கை மேலே, பட்டையை அடியில் வைத்து, அந்த இடத்தைக் குண்டூசி முனையால் அமுக்கிக்கொண்டே தைக்கிறேன். தகடும் கொஞ்சம் மெலிசுதான். கழற்றி வைக்கும்போது மேலே கத்தரிக்கோலைப் போட்டால் வளைந்துவிடும், வளைந்த பிறகு அது கால் அங்குலம் காட்டாது.

வீட்டில் ஒரே மிஷின் என்றால் இன்னொன்று: ஊசி இடமும் வலமும் போகும் ஜிக்ஜாக் வைக்கும் முன் இதைக் கழற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊசி உலோகத்தில் இறங்கி முறியும்.